அருங்காட்சியகத்தின் மூன்று கதவுகள்

பிற ஊர்களுக்கும் பிற நாடுகளுக்கும் சென்று வருதல் அறிவை வளர்க்கும் வழிகளுள் ஒன்றாகும். அவ்வாறு செல்வோர் ஆங்காங்குள்ள கோயில்களையும் கோட்டைகளையும் கடைத்தெருக்களையும் கண்டு மகிழ்வர். ஆயினும், ஒரு நாட்டின் பழமையையும் அந்நாட்டு மக்களின் கைத்திறத்தையும் ஓரிடத்தே தொகுத்துக் காட்ட வல்லது அருங்காட்சியகமே ஆகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வனைந்த மட்கலமும், அரசர் அணிந்த முடியும், ஓவியர் தீட்டிய படமும், மண்ணுள் புதைந்து கல்லாகிப்போன விலங்கின் எலும்பும் அங்கே ஒரு கூரையின் கீழ் இருக்கும். ஏட்டில் படித்தறிந்த ஒன்றை நேரிற் காணும்பொழுது அது பசுமரத்தாணிபோல நெஞ்சில் பதிகின்றது.

ஆனால், பயணம் செய்வோருடைய பணப்பை சிறியது. ஊர்திக்கும் உணவுக்கும் உறைவிடத்திற்கும் செலவிட்டபின் எஞ்சும் பொருளைக் கொண்டே அவர்கள் காட்சியகங்களைக் காண வேண்டும். ஐவர் கொண்ட ஒரு குடும்பம் ஒரே நகரில் மூன்று காட்சியகங்களைக் காண விரும்பினால் பதினைந்து நுழைவுச் சீட்டுகள் வாங்க வேண்டும். இவ்விடர் நீங்கவே உலகின் பல நாடுகளில், குறித்த சில நாள்களில், அல்லது குறித்த சில மணி நேரங்களில், கட்டணமின்றி மக்களை உள்ளே விடும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. அந்நாளே கட்டணமில்லா நாள் எனப்படும்.

கட்டணமில்லா நாள் என்றவுடன், செலவு மிச்சம் என்ற ஒன்றே பலர் நினைவுக்கு வரும். உண்மையில் ஒவ்வோர் அருங்காட்சியகத்திற்கும் கண்ணுக்குத் தெரியாத மூன்று கதவுகள் உண்டு. முதற்கதவு காசு, இரண்டாம் கதவு காலம், மூன்றாம் கதவு கருத்து. முதற்கதவை ஆள்வோர் திறக்க வேண்டும். இரண்டாம் கதவை ஆள்வோர் பாதி திறக்க, காணச் செல்வோர் தம் திட்டத்தால் மறுபாதியைத் திறந்துகொள்ள வேண்டும். மூன்றாம் கதவையோ காண்பவரே திறந்தாக வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று மூடிக் கிடந்தாலும் மற்றவை திறந்திருந்து பயனில்லை. இவ்வுண்மையை வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

காசு என்னும் கதவு

இலண்டன் மாநகரில் ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவர் வாழ்ந்து வந்தார். அவர் தம் வாழ்நாள் முழுவதும் நூல்களையும் நாணயங்களையும் உலர்ந்த செடிகொடிகளையும் பிற அரும்பொருள்களையும் தேடித் தொகுத்தார். 1753ஆம் ஆண்டில் அவர் இறந்தபொழுது அத்தொகுதியில் 71,000க்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தன. தம் மகளிர் இருவருக்கும் 20,000 பவுன் கொடுத்துவிட்டு அத்தொகுதியை நாட்டின் பொதுவுடைமையாக ஏற்றுக்கொள்ளலாம் என்று அவர் தம் இறுதி முறியில் எழுதி வைத்திருந்தார். பாராளுமன்றம் அதனை ஏற்றது. வேண்டிய பொருள் பரிசுச்சீட்டு வாயிலாகத் திரட்டப்பட்டது. இவ்வாறு பிறந்த பிரித்தானிய அருங்காட்சியகம் 1759ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் ஏதும் இல்லை.

காசுக் கதவு அன்றே திறந்துவிட்டது. எனினும் மக்கள் எளிதாக உள்ளே செல்ல முடிந்ததா? இல்லை. காண விரும்புவோர் தம் பெயர், தொழில், உறைவிடம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து விண்ணப்பம் செய்தல் வேண்டும். தகுதியுடையவர் என்று அதிகாரிகள் கருதினால், பின்னொரு நாள் மீண்டும் சென்று சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். குறித்த நாளில் மூன்றாம் முறையாகச் செல்ல வேண்டும். ஒரு நாளைக்குச் சிலருக்கே இடம். அவர்களும் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வழிகாட்டி ஒருவர் பின்னே விரைந்து நடக்க வேண்டும்.

1784ஆம் ஆண்டின் இறுதியில் பர்மிங்காம் நகரிலிருந்து வில்லியம் ஹட்டன் என்பவர் இலண்டனுக்கு வந்தார். அவர் ஏழைக் குடியிற் பிறந்தவர். ஏழாம் வயதிலேயே பட்டு ஆலையில் வேலைக்குச் சென்றவர். பின்னர்த் தாமே முயன்று கற்று, புத்தகக் கடை வைத்து உயர்ந்து, தம் நகரின் வரலாற்றையும் எழுதியவர். அத்தகையவர்க்கு அருங்காட்சியகத்தைக் காண வேண்டும் என்னும் வேட்கை மிகுந்திருந்ததில் வியப்பில்லை. முறைப்படி சீட்டுப் பெற நாள் போதாமையால், வேறொருவரிடமிருந்த சீட்டை ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். உள்ளே சென்றபின் குழுவினர் அறைக்கு அறை விரைந்து நடத்தப்பட்டனர். ஹட்டன் பொருள்களைப் பற்றி வழிகாட்டியிடம் வினவினார். இங்குள்ள எல்லாவற்றையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க இயலுமா என்றும், பலவற்றின்மேல் பெயர் எழுதியிருக்கவில்லையா என்றும் அவ்வழிகாட்டி கடிந்து கூறினார். அதன்பின் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அரை மணி நேரத்திற்குள் அனைவரும் வெளியே வந்துவிட்டனர். வந்தபொழுது இருந்த அறியாமையோடே திரும்பியதை எண்ணி ஹட்டன் வருந்தினார். அவ்வருத்தத்தைத் தாம் மறுஆண்டு வெளியிட்ட பயண நூலில் எழுதியும் வைத்தார்.

கட்டணம் இல்லாத காட்சியகத்திற்குள் சென்ற அறிவு வேட்கை மிக்க ஒருவர் வெறுங்கையோடு திரும்பினார். காரணம் யாது? காசுக் கதவு திறந்திருந்தது. காலம், கருத்து ஆகிய மற்றை இரு கதவுகளும் மூடிக் கிடந்தன.

காலம் என்னும் கதவு

பிரெஞ்சுப் புரட்சியின்போது, அரசர்க்கு உரியதாயிருந்த லூவர் அரண்மனை 1793ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் மக்களின் கலைக்கூடமாயிற்று. அரசரும் பெருமக்களும் மட்டும் கண்டுவந்த ஓவியங்கள் எளிய குடிமக்கள் கண்களுக்கும் விருந்தாயின. அக்காலத்துப் பிரான்சில் வாரத்திற்குப் பத்து நாள். அவற்றுள் சில நாள்கள் ஓவியம் பயில்வோர்க்கும், சில நாள்கள் பொதுமக்களுக்கும் ஒதுக்கப்பட்டன. இன்ன நாள் இன்னார்க்கு என்று வகுக்கும் முறை அன்றே இருந்தமை கருதத்தக்கது.

இங்கிலாந்தில் 1851ஆம் ஆண்டு பெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. தொடக்கத்தில் நுழைவுக் கட்டணம் மிகுதியாயிருந்தது. மே மாத இறுதியிலிருந்து திங்கள் முதல் வியாழன் வரை ஒரு ஷில்லிங் எனக் குறைக்கப்பட்டது. எளிய மக்கள் திரண்டு வந்தால் கூச்சலும் குழப்பமும் விளையுமே எனச் செல்வர் சிலர் அஞ்சினர். ஆனால் தொழிலாளர்கள் மனைவி மக்களோடு வந்து, அமைதியாக நின்று, எந்திரங்களையும் கலைப் பொருள்களையும் கூர்ந்து நோக்கிச் சென்றனர். அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. எளியவர் கைக்கு அரும்பொருள்களைக் காட்டினால் கெடுத்துவிடுவர் என்ற எண்ணம் பொய்த்துப் போயிற்று.

அப்பொருட்காட்சியில் கிடைத்த ஆதாயத்தைக் கொண்டு வாங்கிய நிலப்பகுதியில், 1857ஆம் ஆண்டு தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இக்காலத்தில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என வழங்குவது அதுவே. அதனை நடத்திய ஹென்றி கோல் என்பவர் நுண்ணறிவினர். வாரத்தில் மூன்று நாள் கட்டணமில்லை என்றும், மற்றை மூன்று நாள் பயில்வோர்க்குரியவை. அந்நாள்களில் பிறர் ஆறு பென்சு செலுத்த வேண்டும் என்றும் அவர் வகுத்தார். அவர் செய்த மற்றொரு செயல் இதனினும் சிறந்தது. பகல் முழுதும் பட்டறையில் உழைப்பவன் பகலில் எவ்வாறு வருவான்? ஆதலின் கூடங்களில் எரிவாயு விளக்குகளை அமைத்து, இரவு பத்து மணி வரை காட்சியகத்தைத் திறந்து வைத்தார். தொழிலாளர் வேலை முடிந்து, கைகால் கழுவிக்கொண்டு, குடும்பத்தோடு வந்தனர். காசுக் கதவோடு காலக் கதவையும் திறந்தாலன்றி ஏழைக்குப் பயனில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எனினும் ஒரு குறை நெடுங்காலம் நீடித்தது. தொழிலாளர்க்கு முழு ஓய்வு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. அந்நாளிலோ இலண்டனிலிருந்த அரசின் காட்சியகங்கள் பூட்டப்பட்டிருந்தன. பல ஆண்டுக்கால வாதத்திற்குப் பின்னரே, 1896ஆம் ஆண்டில், அவை ஞாயிறுதோறும் திறக்கப்பட்டன.

திறந்த கதவு மீண்டும் மூடப்படுதலும் உண்டு. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசின் காட்சியகங்களில் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆட்சி மாறவே மூன்று மாதங்களுக்குள் கைவிடப்பட்டது. 1980க்குப் பிந்திய ஆண்டுகளில் சில காட்சியகங்கள் மீண்டும் கட்டணம் பெறத் தொடங்கின. 2001ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளில் பொது நுழைவுக் கட்டணம் நீக்கப்பட்டது. அதன்பின் முன்பு கட்டணம் பெற்ற காட்சியகங்களுக்கு வந்தோர் தொகை பெரிதும் பெருகியது. கட்டணமில்லா நுழைவு தானே வந்த கொடை அன்று; பலர் வாதிட்டுப் பெற்ற உரிமை என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்க நாட்டு வாசிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் காட்சியகங்களின் வரலாறு வேறு வகையானது. ஜேம்ஸ் ஸ்மித்சன் என்னும் ஆங்கிலேய அறிவியலார் 1829ஆம் ஆண்டில் காலமானார். தம் உடன்பிறந்தார் மகன் மக்களின்றி இறப்பின், தம் செல்வம் முழுவதும் அறிவைப் பெருக்கிப் பரப்பும் ஒரு நிலையத்திற்காக அமெரிக்க நாட்டைச் சேர வேண்டும் என எழுதி வைத்தார். அவர் அந்நாட்டில் ஒரு நாளேனும் கால் வைத்ததில்லை. அவர் பொருளால் 1846ஆம் ஆண்டில் அந்நிலையம் தோன்றியது. வாசிங்டனில் அதனைச் சார்ந்த காட்சியகங்களில் இன்றும் கட்டணமில்லை. ஆண்டில் கிறிஸ்துமஸ் நாள் ஒன்று நீங்கலாகப் பெரும்பாலானவை நாள்தோறும் திறந்திருக்கும்.

திட்டமிடும் முறை

ஆள்வோர் திறந்துவைத்த கதவு எந்நாளில், எந்நேரத்தில் திறந்திருக்கும் என்பதை அறிந்து செல்வது காண்போர் கடமை. இதற்கு ஓர் ஏடும் ஓர் எழுதுகோலும் போதும். செல்லவிருக்கும் ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு காட்சியகத்திற்கும் ஐந்து செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். வார விடுமுறை எந்நாள்? கட்டணமில்லா நாள் எது? கடைசியாக உள்ளே விடும் நேரம் யாது? முன்பதிவு வேண்டுமா? வயதுபற்றிய சலுகை உண்டா? இவ்வைந்தையும் காட்சியகமே தன் வலைத்தளத்தில் வெளியிடும் அறிவிப்பிலிருந்து பெற வேண்டும். விதிகள் மாறும் இயல்பின. ஆதலின் பழைய வழிகாட்டி நூலையோ பிறர் வாய்ச்சொல்லையோ மட்டும் நம்பிப் புறப்படலாகாது. புறப்படும் முன்னும் ஒருமுறை ஒப்புநோக்குதல் நன்று.

வார விடுமுறையை அறியாமையால் விளையும் இழப்பைப் பாரிசு நகரைக் கொண்டு விளக்கலாம். அங்கே லூவர் காட்சியகத்திற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆர்சே காட்சியகத்திற்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஒருவர் அந்நகரில் திங்கள், செவ்வாய் ஆகிய இரு நாள்களே தங்குகிறார் எனக் கொள்வோம். திங்களன்று லூவருக்கும் செவ்வாயன்று ஆர்சேக்கும் சென்றால் இரண்டையும் காண்பார். முறையை மாற்றிச் சென்றால் இரு நாளும் பூட்டிய கதவையே காண்பார். ஊரும் ஒன்றே, நாளும் இரண்டே, அறிவு ஒன்றே வேறுபாடு. மேலும், கார்னவாலே முதலாகப் பாரிசு நகராட்சிக்குரிய பல காட்சியகங்களின் நிலையான தொகுதிகளைக் காண எந்நாளும் கட்டணமில்லை. என்றும் கட்டணமில்லாத அவற்றிற்குச் சென்று, மாதத்தில் ஒருமுறை வரும் கட்டணமில்லா நாளை வீணாக்குதல் அறிவுடைமை ஆகாது.

இத்தாலி நாட்டில் 2014ஆம் ஆண்டு ஜூலை முதல், மாதத்தின் முதல் ஞாயிறன்று அரசுக் காட்சியகங்களுக்கும் தொல்பொருள் இடங்களுக்கும் கட்டணமில்லை என்னும் முறை தொடங்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் நின்றிருந்த அவ்வழக்கம் பின்னர் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. உரோமை நகரிலுள்ள கொலோசியம் என்னும் பேரரங்கையும் அந்நாளில் காசின்றிக் காணலாம். அந்நகரின் நடுவிலேயே அமைந்த வத்திக்கன் தனி நாடாதலின், அதன் வழக்கம் வேறு. வத்திக்கன் காட்சியகங்கள் ஞாயிறுகளில் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் முற்பகலில் திறந்து, கட்டணமின்றி மக்களை உள்ளே விடுவர். ஈஸ்டர் முதலிய திருநாள்கள் அந்நாளில் வந்தால் அது நடைபெறாது.

இங்கே நாட்காட்டியைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு மாதத்தின் கடைசி ஞாயிற்றை அடுத்து ஏழாம் நாள் வருவது மறுமாதத்தின் முதல் ஞாயிறே ஆகும். எடுத்துக்காட்டாக, முப்பது நாள் கொண்ட மாதத்தில் 28ஆம் நாள் கடைசி ஞாயிறு ஆனால், அடுத்த ஞாயிறு மறுமாதத்தின் 5ஆம் நாள். ஆதலின் கடைசி ஞாயிற்றுக்கு முதல்நாள் உரோமையை அடைந்து, எட்டு நாள் தங்கி, மறு ஞாயிறு மாலையில் புறப்படுவோர், மைக்கேல் ஆஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய விதான ஓவியத்தையும், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய கொலோசியத்தையும் கட்டணமின்றிக் காண இயலும். ஒரு வாரம் முந்தியோ பிந்தியோ சென்றவர்க்கு இவ்வாய்ப்பு இல்லை. பயண நாளைக் குறிக்கும் முன்னரே நாட்காட்டியைப் பார்க்க வேண்டும் என்பது இதன் கருத்து.

ஸ்பெயின் நாட்டு மாத்ரித் நகரில் பிராதோ என்னும் ஓவியக் காட்சியகம் 1819ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19ஆம் நாள் திறக்கப்பட்டது. அங்கே வழக்கம் நாளைப் பொறுத்தது அன்று, நேரத்தைப் பொறுத்தது. நாள்தோறும் மூடும் முன் இரண்டு மணி நேரம் கட்டணமின்றி உள்ளே விடுகின்றனர். இரண்டு மணி நேரத்தில் அத்தனை கூடங்களையும் சுற்ற நினைப்பவர் ஒன்றையும் காணார். ஒரு மாலையில் வெலாஸ்கெஸ் தீட்டியவற்றையும், மறு மாலையில் கோயா தீட்டியவற்றையும் காண்பது என வகுத்துக்கொண்டால், இரு மாலைகளும் பயனுடையனவாகும்.

மாணவர் மறவாமல் அறிய வேண்டிய ஒன்று உண்டு. லூவர், பிராதோ, இத்தாலிய அரசின் காட்சியகங்கள் ஆகியவற்றில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் எந்நாட்டினராயினும் எந்நாளும் கட்டணமின்றிச் செல்லலாம்; வயதைக் காட்டும் சான்று மட்டும் கையில் இருக்க வேண்டும். இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் காவலிலுள்ள நினைவுச் சின்னங்களில் பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்க்குக் கட்டணமில்லை. ஆகவே இளையோர் கூட்டமாகச் செல்லுங்கால், நெரிசல் மிக்க கட்டணமில்லா நாளைத் தேடி அலைய வேண்டுவதில்லை. அமைதியான வேறு நாளைத் தேர்ந்துகொள்ளலாம்.

கட்டணமில்லா நாளில் வரிசை நீளும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்று, உள்ளே ஒரு மணி நேரம் நெரிசலில் நடப்பதற்கு விலையில்லை எனக் கூற இயலாது. ஒரு நகரில் ஒரே நாள் தங்குவோரும், முதியோரை உடனழைத்துச் செல்வோரும், கட்டணம் செலுத்தி வேறு நாளில் அமைதியாகக் காண்பதே சிக்கனமாகும். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது பணத்திற்கு மட்டுமன்று, காலத்திற்கும் பொருந்தும். கட்டணமில்லா நாளிலேயே செல்வதென முடிவு செய்தால், கதவு திறக்கும் முன்னரே சென்று நிற்பது நன்று. சில காட்சியகங்களில் கட்டணமில்லை எனினும் முன்பதிவு உண்டு. உரோமையிலுள்ள போர்கேசே கலைக்கூடத்தில் எந்நாளில் செல்வோரும் முன்னரே பதிவு செய்துகொள்ள வேண்டும். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பொதுக் கூடங்களுக்குக் கட்டணமில்லை. தனிச் சிறப்புக் காட்சிகள் சிலவற்றுக்கு உண்டு. இவற்றையும் ஏட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

கருத்து என்னும் கதவு

இதுகாறும் கூறியவை காட்சியகத்தின் வாயில் வரை அழைத்துச் செல்லும். உள்ளிருக்கும் பொருள் பேச வேண்டுமாயின், காண்பவர் உள்ளத்தில் சிறிதேனும் முன்னறிவு வேண்டும்.

சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அங்கே 1855ஆம் ஆண்டில் உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டினர். பின்னர் விலங்குகள் வேறிடம் சென்றன. சென்னை மக்கள் விலங்குக் காட்சிசாலையை உயிர்க் காலேஜ் என்றும், அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் பேச்சுவழக்கில் பெயரிட்டு அழைத்தனர். அப்பெயரில் நகைச்சுவை மட்டுமன்றி ஓர் உண்மையும் உண்டு. அறியாமல் காண்பவர்க்கு அங்குள்ள அனைத்தும் உயிரற்ற கல்லும் எலும்புமே. அறிந்து காண்பவர்க்கோ அதுவே உயிருள்ள கல்லூரி.

அக்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்கள் உள்ளன. கிருஷ்ணையாற்றங்கரையிலிருந்த பழைய பௌத்தத் தூபியைச் சேர்ந்த சுண்ணக்கற் சிற்பங்கள் அவை. அவற்றுள் வட்டமான கல் ஒன்று உண்டு. விரைந்து நடப்பவர் அதன்மேல் கண்ணை ஓட்டி, இரண்டு யானைகள், பல மனிதர் என்று எண்ணி அப்பால் செல்வார். கதையை அறிந்தவர் நின்று நோக்குவார். புத்தர்மீது பகை கொண்ட தேவதத்தன், நளகிரி என்னும் மதயானையை இராசகிருக நகரத் தெருவில் ஏவிவிட்டான். கல்லின் ஒருபால் அவ்யானை வெறிகொண்டு மனிதரை வீழ்த்துகின்றது. மக்கள் அஞ்சி ஓடுகின்றனர். மாடத்திலிருப்போர் நடுங்கிப் பார்க்கின்றனர். மறுபால் அதே யானை புத்தர்முன் மண்டியிட்டுப் பணிகின்றது. யானை இரண்டன்று, ஒன்றே; சிற்பி காட்டியது ஒரே யானையின் இரு நிலைகளை. வெறிக்கும் அமைதிக்கும் இடைப்பட்ட அந்தச் சில நொடிகளை அவர் ஒரு வட்டத்துள் அடக்கிவிட்டார். இதனைக் கண்டுணரச் சீட்டு உதவாது; கருத்தே உதவும்.

அமராவதிச் சிற்பங்களில் ஒரு பகுதி கடல் கடந்து சென்றுவிட்டது. 1845ஆம் ஆண்டில் வால்டர் எலியட் என்னும் பிரித்தானிய அதிகாரி அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பிய கற்களுள் பல, 1859ஆம் ஆண்டில் இலண்டனுக்கு ஏற்றப்பட்டன. அவை இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. சென்னையில் இச்சிற்பங்களைக் கூர்ந்து பார்த்துப் பழகிய மாணவர் ஒருவர் என்றேனும் இலண்டனுக்குச் செல்வாராயின், அங்குள்ள கற்கள் அவருக்குப் புதியன அல்ல; பிரிந்துபோன உறவினரைக் கண்டாற்போன்ற உணர்வை அவை தரும். அயல்நாட்டுக் காட்சியகத்தைக் காணும் தகுதியை உள்ளூர்க் காட்சியகமே அளிக்கின்றது.

ஆதலின் செல்லும் முன், காணவேண்டிய பொருள்களுள் பத்தை மட்டும் தேர்ந்து, அவற்றைப் பற்றிப் படித்துக்கொள்ள வேண்டும். உள்ளே சென்றதும் முதலில் அவை இருக்கும் கூடங்களுக்கே செல்ல வேண்டும். ஒவ்வொன்றின் முன்னும் சிறிது நேரம் நின்று, எழுதியுள்ள குறிப்பைப் படித்து, பின்னர்ப் பொருளை மீண்டும் நோக்க வேண்டும். இயன்றால் ஏட்டில் ஒரு கோட்டுப் படமும் வரைந்துகொள்ளலாம். கை வரையும்பொழுது கண் முன்பு காணாததையெல்லாம் காணும். கால் ஓய்ந்தால் அமர்ந்து இளைப்பாறலாம். பொருள்களைத் தொடாமலும், உரக்கப் பேசாமலும், பிறர் பார்வையை மறையாமலும் நடந்துகொள்ளுதல் வேண்டும். கட்டணமில்லா நாளில் அருகே நிற்பவர், வேறு நாளில் வர இயலாத ஓர் உழைப்பாளியாகவும் இருக்கலாம். அவருக்கு வழிவிட்டு நிற்பது பண்பாகும்.

அருங்காட்சியகத்துப் பொருள்கள் ஒருவர்க்கு உரியன அல்ல. மறைந்தோர் விட்டுச் சென்று, இருப்போர் காத்து, பிறக்கப் போவோர்க்கு அளிக்கவேண்டிய பொதுச்செல்வம் அவை. செல்வர்க்கும் எளியவர்க்கும் அச்செல்வத்தில் சம உரிமை உண்டு என்பதை ஆள்வோர் ஒப்புக்கொண்டதற்கு அடையாளமே கட்டணமில்லா நாள். ஹட்டனைப் போன்றோர் அடைந்த ஏமாற்றமும், ஹென்றி கோல் ஏற்றிய விளக்கும் அந்நாளுக்கு வழி செய்தன. காசுக் கதவைப் பிறர் திறந்து வைத்துள்ளனர். காலக் கதவை நாட்காட்டியால் திறந்துகொள்ளலாம். கருத்துக் கதவின் திறவுகோல் படிப்பும் பொறுமையும் ஆகும். அது மாணவர் கையிலேயே உள்ளது.

வினாக்கள்

1. அருங்காட்சியகத்தின் மூன்று கதவுகள் யாவை? ஒவ்வொன்றையும் திறக்கவேண்டியவர் யார்?

2. கட்டணம் இல்லாதிருந்தும் வில்லியம் ஹட்டன் பயன் பெறாமைக்குக் காரணங்கள் யாவை?

3. ஹென்றி கோல் காட்சியகத்தில் விளக்கு அமைத்ததன் நோக்கம் யாது?

4. மாதத்தின் கடைசி ஞாயிற்றையும் முதல் ஞாயிற்றையும் இணைத்துப் பயணம் வகுப்பதால் உரோமையில் விளையும் நன்மையை விளக்குக.

5. உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள அருங்காட்சியகம் ஒன்றன் வார விடுமுறை, நுழைவு நேரம், சிறுவர்க்குரிய சலுகை ஆகியவற்றைக் கேட்டறிந்து, அங்கே காணவேண்டிய பத்துப் பொருள்களைப் பட்டியலிடுக.